முழங்காலில் இல்லாத போல்ட்

கரும்பு வெட்டு தொடங்கினால் துளசிங்கத்துக்குத் தவறாமல் நெஞ்சு வலிக்கும். கடைசி லாரி கிளம்பியதும் வலியும் கிளம்பிவிடும். இந்த வருஷமும் கட்டிலில் சாய்ந்து, இழுத்துகினு போவுது என்றார். திருத்தணி டாக்டர் ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்றார். இது ஈசிஜிக்கு அகப்படாத வலி என்றார் துளசிங்கம்.

அவர் மனைவி பாஞ்சாலி வாதாடவில்லை. மாமனார் இதே வயதில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் கல்பனா விசாரித்துச் சொன்னாள்: அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சக்தி அதிகமான காந்த மெஷின் இருக்கிறது, துடிக்கிற இதயத்தின் மேல் ஓடும் மெல்லிய ரத்தக்குழாயைக்கூடப் படம் பிடித்துவிடும், அடைப்பிருந்தால் தெரிந்துவிடும்.

"இல்லாட்டியும் தெரியுமா?" என்று கேட்டார் துளசிங்கம். தெரியும் என்றாள் பாஞ்சாலி. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மெஷின் கிணற்று உறை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. உடம்பில் இரும்பு இருந்தால் உள்ளே விட முடியாது என்றார் டாக்டர். துளசிங்கத்துக்குச் சாமியே வழி காட்டியது போலிருந்தது. டிராக்டரிலிருந்து விழுந்தபோது முழங்காலில் போல்ட் போட்டதாகச் சொன்னார்.

பாஞ்சாலி அந்த முழங்காலை ஒருமுறை பார்த்தாள். டாக்டரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள்.

"ஆங், அப்ப இந்த மெஷினு வேணாமாம் பாவா. தொடையில ஓட்ட போட்டு, நெஞ்சு வரைக்கும் குழாய ஏத்திப் பாத்துடலாம்னு சொல்றாரு."

"போல்ட்டு இல்ல."

"இல்லியா?"

"அப்பவே எடுத்துட்டாங்க."

எதற்கும் முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே தள்ளினார்கள். மெஷின் போட்ட சத்தத்தில் பொதட்டூர்பேட்டைத் தறிகள் மொத்தமும் காதுக்குள் ஓடின. மூச்சை அடக்கச் சொன்னபோதெல்லாம் அடக்கி, சின்னதாக ஓர் அடைப்பாவது கொடு முருகா என்று வேண்டிக்கொண்டார். முருகன் கொடுக்கவில்லை. குழாய்கள் வாலிபனுடையவை போலிருப்பதாக டாக்டர் பாராட்டினார்.

ரயில் அரக்கோணம் தாண்டியதும் பாஞ்சாலி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடைப்பு இல்லன்னா நீங்க ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துகினு படியேறுவீங்கன்னு வேண்டிகினேன்."

"இருந்திருந்தா?"

"நான் ஏறுறேன்னு வேண்டிகினேன்."

துளசிங்கம் ஜன்னல் வழியே திருத்தணி மலையைத் தேடினார்.

"மல மேல வரைக்கும் பஸ்ஸு போவுதே" என்றார்.

"தெரியும். அதனாலதான் படின்னு சேத்து வேண்டிகினேன்."