ஆயிரத்து எண்ணூறு என்டர்

இந்த ஞாயிறு வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று வெள்ளிக்கிழமையே சபதம் எடுத்தேன். மதியம் கிரிக்கெட் இறுதிப் போட்டி. ஆனால் கடக்வாஸ்லா அணைக்குக் கூட்டிப் போகிறேன் என்று மனைவி ப்ரியாவுக்கும் மகள் வைஷுவுக்கும் நாலு வாரமாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் வாரம் காய்ச்சல். அடுத்த வாரம் கார் சர்வீஸ். அப்புறம் மழை. அப்புறம் மறுபடி காய்ச்சல். சாக்குச் சரக்கெல்லாம் தீர்ந்து போச்சு.

சனிக்கிழமை ஆண்டவன் கிருஷ்ணஸ்வாமி சாரை அனுப்பினான். கோந்த்வாவில் எங்களுக்குக் கீழ் ஃபிளாட். வங்கியில் ஓய்வு பெற்ற கையோடு அறுபத்து நாலு பக்கத்தில் சுயசரிதை எழுதியவர். மூல ஃபைல் தொலைந்து, பி.டி.எஃப். மட்டும் மிச்சம். அதை வேர்டில் காப்பி பண்ணினால் எழுத்தெல்லாம் சரியாக வருகிறது. வரிகள்தான் பாதி வாக்கியத்தில் முறிந்து கீழே குதிக்கின்றன.

"கேஷவ், திங்கட்கிழமை அச்சகத்துக்குக் குடுக்கணும். ஒட்ட வெச்சுக் குடேன்" என்றார்.

இரண்டு நிமிட வேலை. அதை நான் ஏன் வெளியே சொல்கிறேன்?

ஞாயிறு காலை லேப்டாப் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, இன்னும் கிளம்பலீங்களா?"

"எங்கே கிளம்புறது ப்ரியா? வரிக்கு வரி ஒரு என்டர். ஒவ்வொண்ணா அழிக்கணும். ஆயிரத்து எண்ணூறு!"

"எண்ணிட்டீங்களா?"

"பக்கத்துக்கு இருபத்தெட்டு வரி. நீயே பெருக்கிப் பாரு."

"அடப் பாவமே! எல்லாத்தையும் ஒரேயடியா அழிக்க வழி ஏதும் இல்லீங்களா?"

"இருந்தா நான் ஏன் இப்படிச் சாகறேன்?"

குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன். நன்றாகவே வந்தது.

வைஷு ஒரு காலில் ஷூவோடு நின்றாள். "அப்பா, டேம் கேன்சலா? பக்கா?"

உதடு பிதுங்கியது. எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் இறுதிப் போட்டி ஆச்சே!

"விடு கண்ணு, அப்பா பாவம்" என்றாள் ப்ரியா. "ஏனுங்க, தண்ணி காஞ்சு கெடக்குது. போய்க் குளிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் நாலு வரி அழிச்சு வெக்கிறேன்."

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நாலு வரி அழிக்கட்டும், பாவம். இரண்டு பாட்டு முழுசாகப் பாடிக் குளித்தேன்.

வெளியே வந்தால் வைஷுவுக்கு இரண்டு காலிலும் ஷூ. டிபன் கேரியர் வாசலில் இருந்தது. புளிசாத வாசனை.

"முடிஞ்சுதுங்க."

"எது?"

"ஆயிரத்து எண்ணூறும்."

"பாராவெல்லாம் ஒண்ணாச் சேர்ந்திருக்குமே!"

"அதெப்படிச் சேரும்? ரெண்டு என்டர் ஒட்டி வர்ற எடத்துல எல்லாம் முதல்ல ரீப்ளேஸ் குடுத்து ஒரேயடியா நட்சத்திரம் போட்டேன். அப்புறம் ஒத்தை என்டரையெல்லாம் இடைவெளி ஆக்கினேன். கடைசில நட்சத்திரத்தை மறுபடி என்டர் ஆக்கிட்டேன். அவ்வளவுதானுங்க."

துண்டோடு லேப்டாப்பில் பாய்ந்தேன். நாற்பதாம் பக்கத்தில் சிக்கியது ஒரு துரும்பு.

"பாத்தியா! சார் மாமியைப் பத்திக் கவிதை எழுதியிருக்கார். கவிதைக்கு வரி உடையணும். நீ வசனமா ஒட்டி வெச்சிருக்கே. இனி வரி வரியா நான்தான் உடைக்கணும். சாயங்காலம் ஆயிடும்!"

"அந்தச் சந்தேகம் எனக்கும் வந்துதுங்க. உடனே கீழ போயி ஆனந்தவல்லி மாமிகிட்டயே படிச்சுக் காட்டினேன்."

"மாமி என்ன சொன்னாங்க?"

"'முப்பது வருஷமா இதைப் படிக்கிறேன்டி. இவர் என்ன சொல்ல வரார்னு இன்னிக்குத்தான் புரியறது. இப்படியே இருக்கட்டும்'னாங்க. சாரும் சரின்னுட்டாருங்க."

அவர் எப்படி மறுப்பார்? அவரும் என் இனம்தானே!

கார் கிளம்பியது. ஊரே கடக்வாஸ்லாவுக்குத்தான் வந்திருந்தது. நெரிசலில் மணிக்கு ஒரு பர்லாங். பக்கத்துக் கார் ரேடியோவில் முதல் விக்கெட் விழுந்தது. பின் சீட்டில் வைஷு மராத்தியில் பாடிக்கொண்டிருந்தாள்.

மனம் ஆறவில்லை. ப்ரியா பக்கம் திரும்பினேன்.

"உண்மையைச் சொல்லு. இதெல்லாம் யார் உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

சுட்ட சோளத்தைக் கடித்தபடி சொன்னாள்:

"போன வருஷம் வைஷு ஸ்கூல் நோட்டீஸை வாட்ஸ்அப்ல போட்டா வரியெல்லாம் முறியுதுன்னப்போ, நீங்கதானுங்க!"