அடுத்தவாரத்தாரும் காணாமல் போன சமையல்காரனும்

சேலம் ஜில்லாவிலேயே இன்டர்நெட்டை அடக்கி ஒடுக்கி உட்கார வைத்த மனிதர் ஒருவர்தான். ஃபேர்லேண்ட்ஸில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே இருக்கும் வீட்டுக்காரர் அவர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவுக்கு அவர் அடுத்தவாரத்தார்.

சொந்த ஊர் திருச்செங்கோடு. மீசை முளைத்த கையோடு போர்வெல் லாரியில் ஏறியவர், வடநாட்டுப் பாறைகளை எல்லாம் துளைத்துவிட்டு, மீசை நரைத்த பிறகுதான் இறங்கினார். ஏறிய நேரம்தான் கோளாறு. அப்போது ரேடியோவில் ஞாயிறு மதியம் ஒரு தொடர் நாடகம். கல்யாண வீடு. முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் ஆரத்தைக் காணோம், சமையல்காரனையும் காணோம். திருடன் அவனா, இல்லையா? முடிவு தெரிவதற்குள் லாரி கிளம்பிவிட்டது. ஊர் ரேடியோ ராஜஸ்தான் வரை துணைக்கு வரவில்லை.

அன்று முதல் அடுத்தவாரத்தார் அந்தச் சமையல்காரனுக்கு வக்கீல். பாலைவனத்தில் மணல் எழும்பி வானத்தை மூடும் வேளையில் ஒரு தமிழ் முகம் தெரிந்தால் போதும், பெயர் கேட்பதற்கு முன் இதைக் கேட்பாராம்: "ஏனுங்க, அந்தச் சமையல்காரன் என்னங்க ஆனான்?" பாதிப் பேர் தங்கள் முகாமில் சாப்பாடு சரியில்லை என்று புலம்பினார்கள். மீதிப் பேர் வேறு லாரிக்கு மாறிக்கொண்டார்கள்.

யாரோ ஒரு புண்ணியவான் அந்த நாடகத்தை அப்போதே கேசட்டில் பிடித்து வைத்திருந்து, இப்போது பாட்காஸ்டாக ஏற்றியிருந்தார். நான்தான் தேடி எடுத்து அடுத்தவாரத்தாரின் போனில் காட்டினேன். பதின்மூன்று பகுதியும் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருந்தன.

"முழுசும் இருக்குதுங்கண்ணா. இன்னைக்கே கேட்டு முடிச்சுப்போடலாம்."

ஒரு வருஷத்துச் சோற்றை ஒரே வேளையில் தின்னச் சொன்னது போல என்னைப் பார்த்தார். "தம்பி, இது ஞாயித்துக்கெழம நாடகம். வாரத்துக்கு ஒண்ணு. மிச்சம் அடுத்த வாரம்."

பெயர் அப்படித்தான் வந்தது.

ஞாயிறு மதியம் எங்கள் காம்பவுண்டில் ஊரடங்கு. போன் கைக்குள் இருக்கக் கூடாது. அது ரேடியோவுக்கு மரியாதை இல்லை. பீரோவின் மேல், பூப்போட்ட துணி விரித்து அதில் அமரும். நாற்காலியைப் பீரோவுக்கு எதிரே போட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி உட்காருவார். நடுவில் வரும் விளம்பரத்தையும் தாண்ட மாட்டார். ஏதோ ஆன்லைன் கடன் ஆப்பின் பாட்டு அவருக்கு மனப்பாடம்.

மிக்சி போடக் கூடாது. தண்ணீர் மோட்டார் போடக் கூடாது. அந்தக் காலத்தில் அடுத்த வீட்டில் மிக்சி ஓடினால் ரேடியோ கரகரக்கும் அல்லவா, அந்தச் சட்டத்தை அவர் இன்னும் ரத்து செய்யவில்லை. போனுக்கும் மிக்சிக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கிப் பார்த்தேன். தலையாட்டினார். மூன்றாம் வாரம், மணப்பெண் அழ ஆரம்பித்த இடத்தில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் பக்கத்துப் போர்ஷன் டீச்சர் வீட்டு வாசலுக்குப் போனார்.

"டீச்சரம்மா, மிக்சி போட்டீங்களா?"

"நானா? இப்பத்தாங்க கடையிலிருந்து வாரேன். ஊடே பூட்டிக் கெடக்குது, பாருங்க!"

அடுத்து என் சமையலறைக்கு வந்து ஜாரை முகர்ந்து பார்த்தார். காய்ந்து கிடந்தது. கடைசியில் நான்தான் அந்தப் பகுதியை என் போனில் போட்டுக் காட்டினேன். அதே அழுகை, அதே இடம், அதே கர்ர்ர். சத்தம் கேசட்டிலேயே இருந்தது. ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வீட்டில், ரெக்கார்டருக்குப் பக்கத்தில் ஒரு பெண் சட்னி அரைத்திருக்கிறாள். அந்தத் தேங்காய் செரித்து, அந்த மிக்சி துருப்பிடித்து, சத்தம் மட்டும் காற்றில் அலைந்து ஃபேர்லேண்ட்ஸ் வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்தவாரத்தார் ஜாரை எடுத்த இடத்திலேயே வைத்தார். "அந்தம்மா அன்னைக்கே கொஞ்சம் பொறுத்திருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

இப்படிப் பன்னிரண்டு வாரம் ஓடியது. திங்கட்கிழமை காலையில் அவருக்கு நெஞ்சைப் பிசைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இதயத்தை எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, அடைப்பு மோசம், நாளைக்கே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்.

"ஞாயித்துக்கெழம தாண்டட்டுங்க."

"அது வரைக்கும் தாங்காதுங்க ஐயா. என்ன விசேஷம் அப்படி?"

"நாடகம் முடியுதுங்க."

டாக்டர் அவருடைய தலையையும் ஒரு படம் எடுக்கலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. அடுத்தவாரத்தார் விடுவிடுவென்று ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மனைவியும் நானும் பின்னாலேயே வந்தோம்.

அக்கா கெஞ்சினார். "அப்புடியே இருந்தாலும் இப்பவே கேட்டுப்போட்டு வாங்களேனுங்க. போனு இங்கதான கெடக்குது?"

"ஞாயித்துக்கெழம நாடகத்தத் திங்கக்கெழம கேக்கறதா? ஆராச்சும் கேட்டாச் சிரிப்பாங்க."

"அப்ப நாளைக்கு ஸ்டென்ட்டு வெச்சுட்டு, ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரியில கேளுங்க."

"உள்ள போயிக் கண்ணு முழிக்கலீன்னா?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அவன் திருடனில்லைன்னு தெரியாமயே போயிருவனே புள்ள."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இங்க பாருங்க. நான் நேத்தே கேட்டாச்சு. அடுப்படியில வெச்சு, கடசி வரைக்கும். அந்தச் சமையக்காரன் இருக்கறானே..."

"ஏய்!"

"ஆஸ்பத்திரிக்கு வாரீங்களா, சொல்லிப்போடட்டுமா?"

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவர் பின்வாங்கினார். அக்கா ஓரடி முன்னால் வைத்து, "அவன் என்ன பண்ணறான்னா..." என்றார். அவ்வளவுதான். காதில் வைத்த கையை எடுக்காமலே வாசல்படி இறங்கி, எடுக்காமலே ஆட்டோவில் ஏறி, முழங்கையால் டிரைவரை இடித்து, "போப்பா! போப்பா!" என்று கத்தினார். ஆஸ்பத்திரியில் சம்மதக் கையெழுத்துப் போடத்தான் ஒரு காதை விட்டார்.

மறுநாள் அவரை உள்ளே கொண்டுபோன பின், நான் அக்காவிடம் கேட்டேன். "முடிவு என்னங்கக்கா?"

"எனக்கெங்க தம்பி தெரியும்? அவரு கேக்காம நான் எப்புடிக் கேக்கறது?"

கண் முழித்தார். ஞாயிறும் வந்தது. ஆஸ்பத்திரி அலமாரியின் மேல் பூப்போட்ட துணி, அதன்மேல் போன். நோயாளியைப் பார்க்கிற சாக்கில் டீச்சர் வந்தார், நான் வந்தேன், திங்கட்கிழமை முழங்கை இடி வாங்கிய ஆட்டோ டிரைவரும் வந்து நின்றார். "இத்தன பேரு நிக்கக் கூடாது" என்று சொல்ல வந்த நர்ஸ், மணப்பெண் பேச ஆரம்பித்ததும் கதவோரமே நின்றுவிட்டார்.

சமையல்காரன்தான் திருடன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவனே வந்து ஒப்புக்கொள்கிறான்.

இசை முடிந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாலைவனம் முழுக்க வாதாடித் தோற்றவர், உத்தரத்தைப் பார்த்தபடி கிடந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊட்டுல என்ன கஷ்டமோ, பாவம்" என்றார் அடுத்தவாரத்தார்.

ஞாயிற்றுக்கிழமைத் தொல்லை தாங்காமல் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வீடு பேசி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் போய், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.