இறக்கக்கண்டியில் நான் அரைத்த வலை

படித்தவள் என்ற நினைப்பு தலைக்கேறியவள் கையில் மெசின் எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தார்கள். அந்தப் படித்த முட்டாள் நான்தான்.

பிளாஸ்டிக் மீள்சுழற்சித் திட்டமொன்றின் உத்தியோகத்தராகத் திருகோணமலை நகரிலிருந்து இறக்கக்கண்டிக்குப் போயிருந்தேன். எனக்கு வயது இருபத்துநான்கு. வாய்க்கு அதைவிடக் கூட. கடற்கரையோரக் கொட்டிலில் பிளாஸ்டிக்கை அரைத்துத் துகளாக்கும் மெசினைப் பொருத்தித் திறப்புவிழாவும் வைத்தோம்.

"குப்பையாக்கிறவர்தான் வரி கட்டவேணும்! அந்த வரியிலை ஊரூராய் இப்பிடி மெசின் ஓடவேணும்!" என்று முழங்கினேன். (கைதட்டியவர் கதிரை வாடகைக்குக் கொடுத்தவர் மட்டும்.)

சனங்கள் கொண்டுவந்த போத்தல்களை மெசின் ஐந்தே நிமிடத்தில் தின்றுவிட்டது. விருந்தினர் என்னையே பார்த்தார்கள். பக்கத்துப் பூவரச மரத்தடியில் வெளிறிய நைலோன் வலையொன்று குவிந்து கிடந்தது. பாசி, நண்டுக்கால், நாற்றம். குப்பையேதான்!

"தள்ளுங்கோ, நான் போடுறன்!" என்று நானே இழுத்துவந்து போட்டேன்.

அந்த ஊரில் வலைக்குக் காவல் கிடையாது. பிறத்தியார் வலையில் ஒருவரும் கைவைக்க மாட்டார்கள். கிழிசல் பொத்துவதற்காகப் போட்டிருந்த வலை அது. கேட்டிருந்தால் சின்னப்பிள்ளையும் சொல்லியிருக்கும்.

பாதி வலையை விழுங்கிய மெசின், மீதியைக் கத்தியில் சுற்றிக்கொண்டு அலறிப் புகைந்தது. இடுப்பில் நனைந்த சாரத்தோடு யோகராசா அண்ணை ஓடிவந்தார்.

"நிப்பாட்டுங்கோ பிள்ளை! அது என்ரை வலை!"

"பழசு எண்டு நினைச்சிட்டன் அண்ணை…"

"பழசுதான். அதாலைதான் நாங்கள் சாப்பிடுறம்."

அவருடைய மனைவி பாக்கியம் அக்கா ஒரு பிடி துகளை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "குப்பையாக்கிறவர் வரி கட்டவேணும் எண்டனீங்கள். இப்ப நீங்கள் ஆருக்குக் கட்டப்போறியள்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. (பூமிக்கும் அன்று விடுமுறை போலும்.)

புது வலை வாங்கிக் கொடுத்தேன். ஆனால் வாங்கிய கையோடு வலையைக் கடலில் இறக்க ஏலாது. மிதப்பும் ஈயமும் கோத்துக் கட்டவேண்டும். சனி ஞாயிறுகளில் நானும் போய்க் குந்தியிருந்து கட்டினேன். "நீங்கள் கட்டினதை எல்லாம் நான் அவிட்டுக் கட்டுறன். சும்மா இருந்தாலே பெரிய உதவி, பிள்ளை," என்றார் பாக்கியம் அக்கா. வலை தயாராவதற்குள் வாடைக்காற்று எழும்பி, மீன் படும் காலமும் முடிந்துவிட்டது. அந்தக் காலம் முழுக்க யோகராசா அண்ணை இன்னொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எங்கள் வீட்டில் கதவுத் திறப்போ மூக்குக்கண்ணாடியோ காணாமல் போனால், "அம்மா அரைச்சிட்டா போலை," என்று பிள்ளைகளும் தகப்பனும் சேர்ந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

யோகராசா அண்ணை சந்தைக்கு வந்தால் எங்களுக்கும் மீன் தந்துவிட்டுப் போவார், பொலித்தீன் பையில். அந்தப் பையைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. அன்றைக்கு மட்டும் வீட்டில் எது தொலைந்தாலும் அந்தப் பகிடியை விட்டுவிட்டு எல்லோரும் பேசாமல் தேடுவோம்.