தொடக்கூடாத காயம்

தேநீரை ஊற்றியாயிற்று. அதை மாமியாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதுதான் கிவும்பிக்குப் பிடிபடவில்லை.

கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றான். கூடத்துப் பாயில், தலையோடு முகத்தையும் சேர்த்துத் துணியால் மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கிவும்பி சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"அத்தை, வழியில ஒண்ணும் சிரமம் இல்லையே?"

"ம்ம்ம்."

எவ்வளவு மரியாதை தெரிந்த பெண்மணி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டான். மாமியார் மருமகனிடம் வளவளவென்று பேசுவதும், மருமகன் மாமியார் முகத்தை உற்றுப் பார்ப்பதும் எந்த ஒழுங்கான புகாண்டா குடும்பத்தில் நடக்கும்? பெண் கேட்டுப் போன அன்றுகூட அவர் உடுத்தியிருந்த கோமேசி அங்கியின் கீழ் விளிம்பைத்தான் அவன் பார்த்தான்; அவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தொடுவது என்ற பேச்சே கிடையாது. தொட்டால் மருமகனுக்குக் கை நடுக்கம் பிடித்துக்கொள்ளும், சாகும்வரை விடாது. மற்றவர்களாவது நடுங்கிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். கிவும்பி முதலுதவிக்காரன். நடுங்கும் கையை வைத்துக்கொண்டு யாருக்குக் கட்டுப் போடுவது?

நடுங்காத கையை வைத்துக்கொண்டும் அவன் இதுவரை யாருக்கும் கட்டுப் போட்டதில்லை என்பது வேறு விஷயம். பயிற்சிக்குப் போனான், சிவப்புப் பை வாங்கி வந்தான், கதவில் பெரிதாகச் சிவப்புச் சிலுவை வரைந்தான். அன்றிலிருந்து ஊரில் அடிபட்டவர்கள் எல்லாரும் நொண்டிக்கொண்டே அவன் வீட்டைத் தவிர்த்துச் சுற்று வழியில் போனார்கள். கை ஊறியது அவனுக்கு. ஒருநாள் மதியம் அசந்து தூங்கிய மனைவி நபுகென்யாவின் இரண்டு கால்களையும் சேர்த்து, எலும்பு முறிவுக்கான கட்டை அழகாகப் போட்டு முடித்தான். அவள் எழுந்தாள், விழுந்தாள், முன்பல் ஆடியது. அன்று மாலையே பெட்டியோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

இன்று காலைதான் போன் வந்தது. "அம்மா உன்னைப் பாக்க வர்றாங்க. அவங்களுக்குத் திருப்தின்னா நான் வருவேன். இல்லேன்னா அந்தப் பையோடவே குடித்தனம் நடத்து."

அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே இந்தத் தேநீர் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும்.

கோப்பையைத் தட்டில் வைத்து, தட்டைத் தரையில் வைத்து, நீளமான துடைப்பத்தால் மெல்லத் தள்ளினான். முகம் சுவர்ப் பக்கம். துடைப்பம் மாமியார் பக்கம். தட்டு நல்லபடியாகத்தான் போனது. பாயின் ஓரம் தடுத்ததும் கோப்பை மட்டும் பயணத்தைத் தொடர்ந்தது.

"ம்ம்ம்ம்!"

"சுட்டுடுச்சா அத்தை? காலா? பயப்படாதீங்க, நான் இருக்கேன்!"

தீக்காயத்துக்குக் குளிர்ந்த தண்ணீர், நிறையத் தண்ணீர். வெண்ணெய் கூடாது, பற்பசை கூடாது, பதற்றம் கூடாது. வெண்ணெயும் பற்பசையும் வீட்டில் இல்லாததால் அந்த இரண்டு விதிகளையும் அவனால் காப்பாற்ற முடிந்தது. தோட்டத்துக்கு ஓடி, நீளமான பப்பாளி இலைக் காம்பு ஒன்றை ஒடித்து வந்தான். உள்ளே துளை உள்ள காம்பு. தண்ணீர் ஜெரிகேனை ஜன்னல் விளிம்பில் தூக்கி வைத்து, வெளியே நின்றபடி, காம்பு வழியாக உள்ளே தண்ணீர் விட்டான். முதுகைக் காட்டிக்கொண்டுதான்.

"அத்தை, காலை தண்ணிக்கு நேரா காட்டுங்க!"

"ம்ம்ம்! ம்ம்!"

"என்ன, தலையிலயா விழுது? இடது பக்கம் நகத்தவா, வலது பக்கமா?"

இரண்டு பக்கமும் நகர்த்திப் பார்த்தான். ஜெரிகேனும் கூட நகர்ந்து, ஜன்னலிலிருந்து உள்பக்கமாகச் சாய்ந்தது. மெழுகு தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த சிமெண்டுத் தரை குளமாகியது. எழுந்து ஓடப் பார்த்தவர் வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்த சத்தம் கேட்டு அவன் வாசலுக்கு ஓடினான்.

"கணுக்காலா அத்தை, இடுப்பா? கணுக்கால்னா ஒரு தரம் 'ம்ம்' சொல்லுங்க. இடுப்புன்னா ரெண்டு தரம்."

உள்ளேயிருந்து நிற்காமல் ஒரே நீளமாக "ம்ம்ம்" வந்தது. பாடத்தில் இதற்கு விடை இல்லை. கதவு வழியாக உள்சுவரில் தெரிந்த நிழலில் அவர் திரும்பத் திரும்பக் கையை முகத்துக்குக் கொண்டுபோவது தெரிந்தது. அழுகிறார் என்று நினைத்தான். போச்சு. நபுகென்யா இனி வரவே மாட்டாள். அவனுக்கும் கண்ணில் நீர் முட்டியது.

அப்போதுதான் தலையில் ஒரு மாட்டோக்கே வாழைத்தாரோடு, புடவை மாதிரி ஒரு பழைய துணியை மேலே சுற்றிக்கொண்டு, பருத்த அம்மாள் ஒருத்தர் வாசலில் வந்து நின்றார்.

"வாழைக்காய் வேண்டாம்மா!" என்றான் கிவும்பி.

"நான் விக்க வரலை. இங்க ஒரு வீட்டைத் தேடி..."

"வீட்டை அப்புறம் தேடலாம். உங்களைக் கடவுள்தான் அனுப்பினார். உள்ளே என் மாமியார் அடிபட்டுக் கிடக்கறாங்க. நான் தொட முடியாது!"

"மாமியாரா?" அந்த அம்மாள் பதறிப்போனார். "அப்போ நான் தேடின வீடு இது இல்லை. போகட்டும். அடப்பாவி, மாமியாருக்கு அடிபடற மாதிரி என்னடா பண்ணின?"

"டீ குடுத்தேம்மா."

வழி விடு என்று அவனைத் தள்ளிக்கொண்டு தாரோடு உள்ளே ஓடினார். தரை ஈரம் என்று கிவும்பி சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் அவர் ஒரு பக்கம் போக, தார் இன்னொரு பக்கம் போய், சுற்றிவந்து அவருடைய பாதத்தின்மேலேயே இறங்கியது.

"ஐயோ, என் காலு!"

கிவும்பியின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. வருத்தம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன்னால் சந்தோஷம் வந்துவிட்டது. தொடக்கூடிய ஒரு காயம்! சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து, மாமியாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்த அம்மாளின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"என்னடா தம்பி பண்ற?"

"விரலை அசைங்கம்மா. ஆங், எலும்புக்கு ஒண்ணும் இல்லை. ஈரத்துணி வைக்கறேன், வீக்கம் அடங்கும். அப்புறம் கட்டு. இறுக்கினா சொல்லுங்க."

"எல்லா ஊர்லயும் இந்தப் பயிற்சியைக் குடுத்துத் தொலைச்சிட்டாங்களா?" என்று முணுமுணுத்தார் அந்த அம்மாள். ஆனால் துணி சுற்றச் சுற்ற அவர் முகம் மாறியது. "ஆனா உன் கை பஞ்சு மாதிரி இருக்குடா. உன் பொண்டாட்டி குடுத்து வச்சவ. எங்கே அவ?"

"கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"எதுக்கு?"

"சின்ன விஷயம்மா." கட்டுத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மாமியார் மனசு வச்சாதான் திரும்பி வருவா. அவங்களை நான் இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டேன். அவ இல்லாம எனக்கு வீடு வீடா இல்லைம்மா."

அந்த அம்மாளுக்கு மனசு தாளவில்லை. காலை அவன் மடியிலிருந்து எடுக்காமலே, பாய்ப் பக்கம் திரும்பி, மூடிய துணியைப் பார்த்து அதட்டினார்.

"இந்தாம்மா, உன்னைத்தான். டீ கொட்டினா என்ன, தண்ணி கொட்டினா என்ன? பொண்டாட்டிக்காகக் கண்ணு கலங்கற ஆம்பளையை நீ எங்கே போய்த் தேடுவே? கண்ணை மூடிக்கிட்டு மகளை அனுப்பி வை. எனக்கு மட்டும் இப்படி ஒரு மருமகன் வாய்ச்சிருந்தா தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுவேன்!"

மூடிய துணி விலகியது. கிவும்பி பழக்கதோஷத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டான்.

"பாருடா தம்பி, பாரு!" என்று அவன் தோளைக் குலுக்கினார் அந்த அம்மாள்.

ஒரு கன்னமும் உதடும் பூசணிக்காயாக உப்பிப்போன, அவன் வயதே இருக்கும் ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். பாதி வாயால் பேசினாள்.

"தேனீ... கொட்டிருச்சு. சந்தைக்குப் போற வழியில. கதவுல சிலுவையைப் பாத்து... மருந்து போடுவீங்கன்னு வந்தேன். நீங்க என்னென்னவோ பண்றீங்க!"

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, கட்டுப்போட்ட கால் கிவும்பியின் மடியில் துள்ளத் துள்ளச் சிரித்தார். கிவும்பியும் சிரித்தான். அவனைத் தேடி வந்த முதல் நோயாளி! அதைவிட, அவள் மாமியார் இல்லை. எதுவும் கெட்டுப்போகவில்லை.

"அப்போ உன் மாமியார் எங்கேடா?"

"இன்னும் வரலைம்மா! நல்லவேளை, நீங்க முன்னாடி வந்தீங்க," என்று சொல்லி, நன்றி தாங்காமல் அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வாசலில் ஒரு போடா-போடா வாடகை பைக் வந்து நின்றது. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, ஓட்டுநர் வாஸ்வா கதவு வழியாகத் தலையை நீட்டினான்.

"இங்கயா இருக்கீங்க, பெரியம்மா? சாலை முனையில உங்க மக நபுகென்யாக்கா காத்துக்கிட்டு இருக்காங்க, கேட்டுட்டு வரச் சொன்னாங்க: மாப்பிள்ளையை எட்ட நின்னு பாத்தாச்சா, அவங்க வரலாமா?"