ஏமாறாதவர் விற்ற மயில் படம்

ஏமாற்றவே முடியாத மனிதர் என்றோர் இனம் உண்டு. மதுரையில் தெருவுக்கு ஒருவர் நிச்சயம். தெரு நீளமென்றால் இருவர். பழக்கடையில் தராசின் அடியில் குனிந்து பார்ப்பவர், மருந்துக்கடையில் அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி தேடுபவர், விடிந்தும் விடியாமலும் குடும்ப வாட்ஸப்பில் 'உஷார், உஷார்' என்று எதையாவது அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்கப் போகிறவர். உலகம் முழுவதும் தன் சட்டைப்பையைக் குறிவைத்தே இயங்குகிறது என்பது இவருடைய உறுதியான நம்பிக்கை. அந்தப் பையில் என்னதான் இருக்கிறது? மூடியில்லாத ஒரு பேனா.

கூடல்நகர் உக்கிரபாண்டி இந்த இனத்தில் கலப்படமில்லாத சரக்கு. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கனகலட்சுமியின் தகப்பனார் சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்தவர். காலண்டருக்காகக் கையால் வரைந்த மூலப்படம் ஒன்றை, மயிலுக்குத் தினை போடும் வள்ளியை, மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்திருந்தார். இப்போது அப்படிப்பட்ட படங்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்று கனகலட்சுமி கேள்விப்பட்டாள். விற்றால் ஓவர்லாக் தையல் மெஷின் ஒன்று வாங்கி வீட்டிலேயே கடை போடலாம் என்பது அவள் எண்ணம். அப்பா கொடுத்ததைப் பிரிய மனசில்லாமல்தான் துணிந்தாள். படத்தை இணையத்தில் போட்டு விற்கும் பொறுப்பை உக்கிரபாண்டி ஏற்றுக்கொண்டார். வேறு யாரிடம் கொடுப்பது? ஏமாறாதவர் அவர் ஒருவர்தானே.

முதலில் வந்தவர் தனிஸ்லாஸ். மிஷன் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். கோரிப்பாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். உக்கிரபாண்டி அவரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, ஆதார் அட்டையை வாங்கிப் படமெடுத்து, முகத்தையும் படமெடுத்து, செருப்பையும் ஒருமுறை நோட்டம் விட்டார்.

"படத்தோட பின்பக்கத்தைக் கொஞ்சம் பாக்கலாமாண்ணே? வரைஞ்சவரு கையெழுத்து இருக்கும்."

"முன்பக்கம்தான் படம் இருக்கு. பின்பக்கத்துல உமக்கு என்ன வேலை?"

தனிஸ்லாஸ் சிரித்துச் சமாளித்தார். நியாயமான விலை சொன்னார். "இப்பவே பேங்குக்குப் போவோம். உங்க கணக்குல ஏறினதை நீங்களே பாருங்க. அப்புறம் படத்தைக் குடுங்க, போதும்."

இதைவிட நேர்மையாக ஒரு மனிதர் எப்படிப் பேச முடியும்? உக்கிரபாண்டிக்கு அதுதான் சந்தேகம். இம்புட்டு நேர்மையாகப் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான். "யோசிச்சுச் சொல்றேன்" என்று கேட்டைப் பூட்டினார். தனிஸ்லாஸ் தெருமுனை திரும்பும்வரை பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்து வந்தது ஒரு குரல். மும்பையில் ஆர்ட் கேலரி என்றது. குழைவான தமிழில் பேசியது. உக்கிரபாண்டி கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். குரல் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னது:

"சார், நீங்க இவ்வளவு விசாரிக்கிறதுதான் எங்களுக்கு நிம்மதி. இந்த ஃபீல்டு முழுக்க மோசடி. உங்களை மாதிரி விவரமான ஆள் ஒருத்தரைப் பார்க்கிறதே கஷ்டம்."

முடிந்தது கதை. பத்துப் பூட்டுப் போட்ட கோட்டைக்கு வாசலே அதுதான். கூட்டுறவுச் சங்கத்தில் யாரும் சொல்லாததை, பெற்ற பிள்ளைகள் சொல்லாததை, முகம் தெரியாத ஒருவன் சொல்லிவிட்டான். தனிஸ்லாஸ் சொன்னதைப்போல இரண்டு மடங்கு விலைக்கும் ஒப்புக்கொண்டான்.

மறுநாள் போனில் ஒரு மெசேஜ் வந்தது. பணம் செலுத்தப்பட்டு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. பொருளைக் கூரியரில் ஏற்றியதும் கணக்கில் சேரும்.

கனகலட்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தாள். "இது பேங்குல இருந்து வந்துச்சா, அந்தாளுகிட்ட இருந்து வந்துச்சா?"

"எல்லாம் ஒண்ணுதான்."

"எப்படிங்க ஒண்ணாகும்? பேங்கு பக்கத்துலதான இருக்கு. ஒரு எட்டுப் போயி கேட்டுட்டு வாரேன்."

"உனக்கு இதெல்லாம் புரியாது. பெரிய எடத்து வியாபாரம். சந்தேகப்பட்டா மரியாதையா இருக்காது."

பழக்கடைத் தராசைக்கூடச் சந்தேகப்பட்டவர் சொன்ன வார்த்தை இது. வள்ளியைப் பழைய போர்வையில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, கூரியர் செலவையும் தானே கொடுத்து அனுப்பிவைத்தார். பணம் வரவில்லை. குரலும் அதன்பின் போனை எடுக்கவில்லை.

கனகலட்சுமி அழவில்லை. சைபர் கிரைமுக்குப் பேசப் போனை எடுத்தாள். உக்கிரபாண்டி போனைப் பிடுங்கினார்.

"பேரு வெளிய வந்துரும். வாக்கிங் குரூப்புல எப்படித் தலை காட்டுறது?"

"படம் எங்கப்பா குடுத்தது."

"போனது போச்சு. விடு."

அவள் விடவில்லை. மறுநாள் அவர் குளிக்கப் போன நேரம் பஸ் ஏறிப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தாள். கையோடு கொடுத்திருந்தால் கூரியரை வழியிலேயே மறித்திருக்கலாம், தாமதமாகிவிட்டதே என்றார்கள். புகார் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வாக்கிங் குரூப்பின் ஆண்டு விழா வந்தது. வீட்டுப் பெண்களையும் அழைத்திருந்தார்கள். 'இணையத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி' என்று பேச உக்கிரபாண்டியை மேடையேற்றினார்கள். அவர் மறுக்கவில்லை. மறுத்தால் அந்த இனமே இல்லையே.

"திருமங்கலத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு பய" என்று ஆரம்பித்தார். "மெசேஜைப் பாத்துட்டுப் படத்தை அனுப்பிட்டான். மூளை வேணாம்?" எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்து, தினமும் கூட நடக்கும் மலையாண்டி, "அது என்ன படம்ணே?" என்று கேட்டார்.

"மயிலுங்க. கழுத்துல நீலம் அப்படியே பச்சைக்குள்ள போயி மறையும். வள்ளி கையில தினை ஒவ்வொரு மணியாத் தெரியும். ஒண்ணு மட்டும் கீழ விழுந்துக்கிட்டு இருக்கும், இன்னும் தரையைத் தொட்டிருக்காது..." சொல்லிக்கொண்டே வந்தவர், இரண்டு விரலால் அந்தத் தினை மணியை அந்தரத்தில் பிடித்துக் காட்டினார். கூட்டம் சிரிப்பை நிறுத்தியிருந்தது. பெண்கள் வரிசையில் கனகலட்சுமி எழுந்து, நாற்காலியை ஓசைப்படாமல் பின்னால் தள்ளிவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

முதல் போனிலேயே நான் கண்டுபிடித்திருப்பேனே என்று உங்களுக்கு இப்போது தோன்றுகிறதா? தோன்றினால், உங்கள் வீட்டுச் சுவரில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று ஒருமுறை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.