‘ம்’ பொத்தான்

கழுகும் கதையைத் தாண்டிவிட்டாள்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த கதைக்காரருக்கு நெஞ்சில் குண்டு பாய்ந்த மாதிரி இருந்தது. மற்றவர்கள் தாண்டுவார்கள் என்பது தெரிந்த சங்கதி. வீடியோ கேமைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் பிள்ளைகள் அவர்கள். திரையில் யாராவது வாயைத் திறந்தாலே கட்டைவிரல் ‘தாண்டு’ பொத்தானுக்குத் தானாகப் போய்விடும். ஆனால் கழுகு அப்படியில்லை. குறி தப்பாதவள் என்பதால் அந்தப் பட்டப்பெயர்; நிதானமானவள், சாப்பாட்டு இடைவேளையில் நாவல் படிக்கிறவள். அவளே, தளபதி “வீரனே, கேள். இந்தப் போர் தொடங்கியது” என்று ஆரம்பித்ததும், ஒரு கொட்டாவியோடு பொத்தானை அழுத்தினாள். போர் எங்கே தொடங்கியது என்பது தளபதிக்கும் கதைக்காரருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியமாகப் போயிற்று.

அது துப்பாக்கிச் சண்டை கேம். ஆடுகிறவரே வீரன். அதனால் வீரனின் முகம் கடைசிவரை தெரியாது. திரையின் அடியில் இரண்டு கைகளும் ஒரு துப்பாக்கியும் மட்டும் தெரியும். “அந்த ரெண்டு கைக்கும் ஒரு மனசு வெச்சுத் தர்றேன்” என்று சொல்லித்தான் கதைக்காரர் இந்த வேலையில் சேர்ந்திருந்தார். முதலாளிக்கு அப்போது அது புரியவில்லை. இப்போதும் புரியவில்லை.

“சுட வர்றவன் சுடத்தானே வர்றான், கதைக்காரரே,” என்றார் முதலாளி. “வெள்ளிக்கிழமை நான் வந்து உக்காருவேன். ஒருத்தராவது கதையை முழுசாக் கேட்டா கதை இருக்கட்டும். இல்லன்னா எடுத்துருவோம்.”

“என்னை?”

“உங்களை ஏன் எடுக்கப் போறோம்? ‘குதிக்க இதை அழுத்தவும்’னு எழுதவும் ஆள் வேணும்ல.”

கதைக்காரர் அசரவில்லை. தன்னம்பிக்கையை மட்டும் அவருக்குக் கடவுள் அளந்து கொடுக்கவில்லை, அப்படியே கொட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை முதலாளியே உட்கார்ந்து கதை கேட்பார் என்று சொல்லிவிட்டு, நேராகப் புரோகிராமரிடம் போய் ‘தாண்டு’ பொத்தானைப் பிடுங்கச் சொன்னார்.

பிடுங்கினார்கள். தளபதி பேசினார். தாண்ட வழியில்லாத பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ஒருவன் தளபதியின் மேசைமேல் ஏறிக் குதித்தான். இன்னொருவன் அவர் காலடியில் வெடிகுண்டை உருட்டினான். கழுகு நெற்றிப்பொட்டில் ஒன்று வைத்தாள். தளபதி சாய்ந்தார், கதையும் கூடவே சாய்ந்தது.

கதைக்காரர் தளபதியைக் குண்டு துளைக்காத மனிதராக்கினார். புரோகிராமர் இரண்டு முறை யோசிக்கச் சொன்னார். கதைக்காரருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. பிள்ளைகள் கொஞ்ச நேரத்திலேயே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தளபதியை அறையிலிருந்து தள்ளிக்கொண்டே போர்க்களத்துக்குக் கொண்டு வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக ஒளிந்துகொண்டார்கள். எதிரிகளின் குண்டை எல்லாம் மார்பில் வாங்கியபடி தளபதி தன் இளமைக்காலத்தை விவரித்துக்கொண்டிருந்தார். அவர் கல்லூரியில் சேர்வதற்குள் பிள்ளைகள் போரையே ஜெயித்துவிட்டார்கள்.

“சார், போதும் சார்,” என்றார் புரோகிராமர்.

அன்று சாயங்காலம் வீட்டில், நாலைந்து நாளாக அங்குமிங்கும் நடமாடிக்கொண்டிருந்த அட்டைப்பெட்டிகளில் ஒன்றின்மேல் காலை நீட்டி, மடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கதைக்காரர் யோசித்தார். மனைவி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ‘ம்’ போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாள் முதல் பழகிய ‘ம்’ அது. நல்ல கனமும் நடுவில் லேசான அக்கறையும் உள்ள ‘ம்’.

“கேக்குறீங்களா?”

“ம்.”

“நான் என்ன சொன்னேன்?”

“நீ சொன்னா அது சரியாத்தான் இருக்கும்.”

மனைவி சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள். கதைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘ம்’ விழுகிறவரை கதை ஓடுகிறது. ‘ம்’ பொய் என்று தெரிந்தால் கதை நின்றுவிடுகிறது. இத்தனை வருஷமாக வீட்டிலேயே இருந்த வித்தையை விட்டுவிட்டு இந்தத் தளபதியைப் போய்த் தள்ளிக்கொண்டிருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

மறுநாள் தளபதிக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. அவருக்குப் பதிலாக வீரனின் காதில் ஒரு வானொலி. அதில் தலைமையகத்திலிருந்து ஓர் அக்கா பேசுவார். வழி சொல்வார், எச்சரிப்பார், இடையிடையே கதையும் சொல்வார். ஆடுகிறவர் ‘ம்’ பொத்தானை அழுத்தினால்தான் மேலே பேசுவார். அழுத்தாவிட்டால், “சரி, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே,” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். அடுத்த அடியில் கண்ணிவெடி இருந்தாலும் சொல்லமாட்டார்.

அக்காவுக்குக் குரல் கொடுக்க ஆள் பிடிக்க முதலாளி சம்மதிக்கவில்லை. கதைக்காரர் வசனத்தையும் ஒலிப்பதிவுக் கருவியையும் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார்.

“நான் பேசுறதை ஜனங்க நிப்பாட்டிக் கேப்பாங்கன்னா சொல்றீங்க?”

“ம்.”

“நீங்களும் கேப்பீங்களா?”

“நான் எழுதினதுதானே, எனக்குத் தெரியாதா? துணி அலமாரிக்குள்ள உக்காந்து பேசு, எதிரொலி வராது. வாய்க்கு வராத இடத்துல உன் இஷ்டத்துக்கு மாத்திக்க, பரவாயில்ல.”

மனைவி வசனத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். பிறகு கருவியை வாங்கிக்கொண்டு, புடவைகளுக்கு நடுவே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அலுவலகத்தில் சவுண்ட் இன்ஜினியர் எல்லாவற்றையும் கேமில் சேர்த்துவிட்டு, ஒரு தடவை கேட்டுவிடுங்கள் என்று கதைக்காரரிடம் ஹெட்ஃபோனை நீட்டினார். பெற்றவனுக்கே யாராவது பிள்ளையை அறிமுகப்படுத்துவார்களா என்று கேட்டுவிட்டுக் கதைக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார்.

டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் கெட்டிருந்தது. பிள்ளைகள் அக்காவைக் கேட்காமலே ‘ம்’ அழுத்தப் பழகிவிட்டார்கள். ஒரு மகானுபாவன் அந்தப் பொத்தானை அழுத்தியபடியே ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்திருந்தான். அவனுடைய வீரன் ‘ம், ம், ம்’ என்று அனத்திக்கொண்டே போர் புரிந்தான்.

கதைக்காரருக்கு வந்த கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் இறக்க முடிந்தது.

“ஒரு பொம்பள தொண்டை வத்தப் பேசிக்கிட்டிருக்கா. காதுலயே வாங்காம ‘ம்’ போடுறானுங்க. என்ன ஜென்மங்க?”

“அப்படியும் ஆளுங்க இருக்காங்களா?” என்றாள் மனைவி.

“இருக்காங்களே.”

“நடுவுல ஒரு கேள்வி கேளுங்க. காது குடுக்காம ‘ம்’னு சொன்னா மாட்டிக்கிற மாதிரி.”

கதைக்காரர் இதைத்தான் தானும் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கேள்விகளை எழுதிக் கொடுத்தார். மனைவி மறுபடி அலமாரிக்குள் போனாள். இந்தத் தடவை வெளியே வர வெகு நேரமாயிற்று. எழுதிக் கொடுத்ததற்கு இவ்வளவு நேரம் ஆகாதே என்று தோன்றியது. கலைஞர்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் ரப்பர் பேண்டுக்காரன் வழக்கம்போல வந்து உட்கார்ந்தான். அவனுடைய வீரன் மொத்தப் படையோடும் ஆற்றுப்பாலத்தில் போய்க்கொண்டிருந்தான். காதில் அக்கா சாவதானமாகக் கேட்டார்: “இந்தப் பாலத்தைத் தகர்த்துரட்டுமா?”

‘ம்’ என்றது ரப்பர் பேண்டு.

படை ஆற்றில் விழுந்தது. அறையே சிரித்தது. அடுத்து, “உங்களையே எதிரின்னு காட்டிரட்டுமா?” என்று அக்கா கேட்டதற்கு இன்னொருவன் ‘ம்’ போட்டான். அதற்கப்புறம் அறையில் ஒரு சத்தமில்லை. எல்லோரும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற கதைக்காரர், உலகத்திலேயே அழகான காட்சி இதுதான் என்று முடிவு செய்தார்.

வேலை நேரம் முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. கழுகு எழுந்து வந்தாள்.

“சார், நீலக் கதவு எந்தக் கட்டத்துல வருது? ரெண்டு தடவை ஊரையே சுத்திட்டோம், கிடைக்கல.”

“எந்த நீலக் கதவு?”

“அக்கா சொன்னாங்களே. தலைமையகம் மாறுது, பழைய இடத்துல போய் நிக்காதீங்க, தண்ணித் தொட்டிக்குப் பின் தெரு, மாடி, நீலக் கதவுன்னு. எத்தனை தடவை சொல்லியும் நீங்க காதுல வாங்கல, அதான் இப்படிச் சொல்ல வேண்டியிருக்குன்னு வேற சொன்னாங்க. பாவமா இருந்துச்சு சார்.”

கதைக்காரருக்கு அப்படி எழுதிய ஞாபகம் இல்லை. ஆனால் நன்றாக வந்திருந்ததால் தான்தான் எழுதியிருக்க வேண்டும் என்று பட்டது. வேகத்தில் கை ஓடும்போது எத்தனையோ விழும், எல்லாமா நினைவிருக்கிறது? “தேடு, தேடு,” என்று கழுகின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, செருப்பை மாட்டும்போது மனைவி ஏதோ கேட்டாள். ‘ம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முதலாளி வந்து உட்கார்ந்தார். முதல் பாலத்திலேயே ‘ம்’ போட்டு ஆற்றில் விழுந்தார். முகம் சிவக்க இன்னொரு தடவை ஆரம்பித்தார். அதற்கப்புறம் கைப்பேசி அடித்தபோதும் எடுக்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றியபோது அவர் குரலே மாறியிருந்தது.

“அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கு?”

“தெரியல சார்,” என்றாள் கழுகு. “ஆனா யாரோ நமக்காகக் காத்திருக்காங்க. அந்த அக்கா சொல்ற விதத்துலயே தெரியுது.”

முதலாளி கதைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதை இருக்கும், கதைக்காரரும் இருப்பார், கதவை மட்டும் எங்கேயும் வைத்துவிட வேண்டாம், எல்லோரும் தேடிக்கொண்டே இருக்கட்டும் என்றார். ஆடுகிறவரின் மனசு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிக் கதைக்காரர் அங்கேயே ஒரு சிற்றுரை ஆற்றினார். அதைத் தாண்ட யாரிடமும் பொத்தான் இல்லை.

விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். முதல் வேலையாக மனைவியிடம் சொல்ல வேண்டும்: ஊரே உன் பேச்சைக் கேட்கிறது என்று.

கதவு திறந்து கிடந்தது. திரைச்சீலைகள் இல்லை. சோபா இல்லை, சாப்பாட்டு மேசை இல்லை, கால் நீட்டிக்கொண்ட அட்டைப்பெட்டிகூட இல்லை. வெற்றுக் கூடத்தின் நடுவே ஓர் ஏணி. ஏணிமேல் ஒரு பெயின்டர், பாதிச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்.

“இங்க இருந்த சாமானெல்லாம் எங்கேப்பா?” கதைக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். “என் சம்சாரம் எங்க?”

பெயின்டர் பிரஷை வாளியில் வைத்துவிட்டு, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அவர் நீங்கதானா? தண்ணித் தொட்டிக்குப் பின் தெரு, மாடி, நீலக் கதவு. கேட்டதும் ‘ம்’னு சொல்லுவார், நம்பிராதீங்க, ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிட்டு அனுப்புங்கன்னு அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க. எங்க, சொல்லுங்க பாப்போம்.”