பெயர் வேண்டாம், நம்பர் போதும்

அன்பு மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

பொருள்: பல்கலைக்கழகத்தில் தாங்கள் நடத்திய மூன்று நாள் பயிற்சி – அதன் பின் நடந்தவை – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: செவ்வாய்க்கிழமை மாலை தாங்கள் தொலைபேசியில் கேட்ட ஒரே ஒரு கேள்வி.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு என் மகளும் போனை எடுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் தபால் பிரிவில் குப்பை கொட்டியவனுக்கு, ஒரு கேள்வி வந்துவிட்டால் பதில் போகும்வரை சோறு இறங்காது. வாயால் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுத்தில் தருகிறேன். இதற்குள் பதிவாளர் கையெழுத்தோடு 4298 என்ற எண்ணிட்ட கடிதம் ஒன்று உங்கள் நிறுவனத்துக்கு வந்திருக்கும். ரகசியம் காக்கப்படும் என்று உறுதி சொல்லி எழுதி வாங்கிய சீட்டுகள் ஊர் முழுக்கச் சுற்றியது எப்படி, இரண்டாம் கட்டப் பயிற்சியை ஏன் ரத்து செய்யக் கூடாது, மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும் என்று அதில் இருக்கும். அதற்கு முத்திரை குத்தி அனுப்பியவன் நான்தான். அது கடமை, இது குடும்பக் கடிதம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் உறவை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. "மாமா, நான் உங்க மாப்பிள்ளைன்னு தெரிஞ்சா சிபாரிசுல வந்தவன்னு சொல்லிடுவாங்க" என்று நீங்கள் கேட்டுக்கொண்டபடி, ஒரே வீட்டிலிருந்து கிளம்பிய நாம் இரண்டு பேரும் மூன்று நாளும் தனித்தனிப் பேருந்தில் போனோம். மாநாட்டு அறை வாசலில், "தம்பிக்கு எந்த ஊரு?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டேன். நீங்கள்தான் பேந்தப் பேந்த முழித்தீர்கள். காட்டிக்கொடுக்கப் பார்த்தது உங்கள் மாமியார்தான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி டப்பா, ஒரே சாப்பாடு. தட்டச்சர் அம்மாள் என் டப்பாவைப் பார்த்தாள், உங்கள் டப்பாவைப் பார்த்தாள், "என்ன சார், பயிற்சி குடுக்க வந்தவருக்கும் அதே கத்திரிக்காயா?" என்றாள். நல்லவேளையாக உங்கள் டப்பாவில் இரண்டு முட்டை இருந்தது. என் டப்பாவில் ஒன்றுகூட இல்லை. அதைச் சுட்டிக்காட்டித்தான் இரண்டும் வேறு வேறு வீட்டுச் சாப்பாடு என்று நிரூபித்தேன். மனது வலித்தது, ஆனால் வழக்கு ஜெயித்தது.

பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்தில் மாணவர்களைத் தவிர மற்றவர்களும் கற்க வேண்டும் என்பது எங்களில் பலருக்குப் புதுச் செய்தி. வட்டமாக உட்காரச் சொன்னீர்கள். வட்டத்தில் எது முதல் நாற்காலி என்று தெரியாமல் துறைத்தலைவர்கள் அரை மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார்கள். இரண்டாம் நாள், ஏதாவது ஒரு காகிதம் உள்ளே வந்ததிலிருந்து வேலை முடியும்வரை அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள் என்றீர்கள். அந்தப் பயிற்சியை நான் உணவு இடைவேளையிலேயே முடித்துவிட்டேன். மூன்றாம் நாள்தான் அந்த நீலப் பெட்டி வந்தது. "தப்பு பண்ணாத ஆபீஸ் கிடையாது, தப்பை மறைக்கிற ஆபீஸ்தான் இருக்கு. மறைச்சா யாரும் எதையும் கத்துக்க முடியாது. பேர் வேண்டாம், பிரிவு வேண்டாம், என்ன தப்புன்னு மட்டும் எழுதிப் போடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு நானே வந்து திறப்பேன், எல்லாரும் சேர்ந்து படிப்போம். யாரும் யாரையும் கேள்வி கேட்க மாட்டாங்க" என்று சொல்லி ஆளுக்கு ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்தீர்கள். அப்போது நான் எழுந்து, "என் பிரிவுல முப்பத்தொரு வருஷமா ஒரு காகிதம் தொலைஞ்சதில்ல, எனக்கு எழுத ஒண்ணுமில்ல" என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

பிழை எங்கே என்றால், பெட்டியை நீங்கள் தபால் பிரிவு வாசலில் வைத்தீர்கள். சாவியைப் பதிவாளரிடம் கொடுத்தீர்கள். எங்கள் வளாகத்தில் எதில் ஒரு துவாரம் இருந்து அதில் காகிதம் விழுகிறதோ அது தபால் பிரிவைச் சேர்ந்தது. ஆகவே பதிவாளர் சாவியை என்னிடம் அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை காலை பத்தரை, தபால் பிரிக்கும் நேரம். திறந்தேன். ஐம்பத்தேழு சீட்டுகள். உள்ளே வந்த காகிதத்துக்கு எண் போடாமல் விட்டால் அது காகிதமே இல்லை என்பது எங்கள் வேதம். 4127 முதல் 4183 வரை போட்டேன், தேதி முத்திரை குத்தினேன். எதிலும் பெயர் இல்லை. பெயரில்லாத காகிதத்துக்கு எங்கள் அலுவலகத்தில் மொட்டைக் கடிதம் என்று பெயர். மொட்டைக் கடிதம் வந்தால் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பி மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டேன்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. 'கூட்டங்களில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறேன்' என்ற சீட்டில் பிரிவு தெரியாததால் எல்லாத் துறைக்கும் போனது. எங்கள் துறையில் அப்படி ஒரு வழக்கம் இல்லை, பக்கத்துத் துறையில் விசாரிக்கவும் என்று பதினொரு துறைகளிலிருந்து ஒரே வாசகத்தில் பதில் வந்தது. 'மூன்று வருடமாகப் பழைய ஆண்டறிக்கையிலேயே தேதியை மாற்றி அனுப்புகிறேன்' என்பது ஒரே ஒரு சீட்டு; அது தன்னைப் பற்றித்தான் என்று நினைத்து ஐந்து பிரிவுகள் மன்னிப்புக் கேட்டு எழுதின. நூலகப் புத்தகம் ஒன்று பதினொரு வருடமாக வீட்டு மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். நூலகர் எல்லா ஊழியர்களுக்கும் சுற்றறிக்கை விட்டார், அவரவர் மேசையைத் தூக்கிப் பார்க்கவும் என்று. நாலு புத்தகம் திரும்பி வந்தது, தேடிய புத்தகம் வரவில்லை. 'படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன்' என்ற சீட்டைப் பதிவாளர் பார்வைக்கு வைத்தேன். கையெழுத்தாகித் திரும்பி வந்தது.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். 4160தான் விவகாரம். 'மறுமதிப்பீடு கேட்டு வந்த நாற்பத்தொரு மாணவர்களின் விண்ணப்பக் கட்டு தேர்வுப் பிரிவுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஓர் இரும்பு அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறது. சொல்லத் தைரியம் இல்லை' என்று அச்சடித்ததைப் போன்ற எழுத்தில் எழுதியிருந்தது. தேர்வுப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்குள்ள கண்காணிப்பாளர் அம்மையாரை உங்களுக்குத் தெரியும், வட்டத்தில் உட்காராமல் வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தவர். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு புயலாக வந்தார். "இதென்ன வம்பு? எங்ககிட்ட வராத காகிதத்துக்கு நாங்க என்ன பதில் சொல்றது? கிழிச்சுப் போடுங்க சார்!" என்றார். "நம்பர் விழுந்தாச்சும்மா. நம்பர் விழுந்த காகிதத்த எந்தக் கொம்பனாலயும் கிழிக்க முடியாது" என்றேன். அவருக்கும் அது தெரியும். தலையில் அடித்துக்கொண்டு போனார். வளாகத்தில் உள்ள நூற்றுப் பன்னிரண்டு இரும்பு அலமாரிகளையும் இரண்டு நாள் நகர்த்தினார்கள். ஒரு குடை, மூன்று தேநீர்க் கோப்பை, ஒரு பல்செட் எல்லாம் கிடைத்தன. புதன்கிழமை பிற்பகல் தேர்வுப் பிரிவுக்கு வெளியே நடைவழி அலமாரிக்குப் பின்னாலிருந்து கட்டும் கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் மறுமதிப்பீட்டுக் குழுவின் கடைசிக் கூட்டம். நாற்பத்தொன்றையும் குழு ஏற்றுக்கொண்டது. இதுவரை ஒன்பது தாள்களைத் திருத்தியிருக்கிறார்கள். நாலு பேருக்கு மதிப்பெண் கூடியிருக்கிறது, அதில் ஒரு பெண் தோல்வியிலிருந்து தேறிவிட்டாள்.

பிள்ளைகளுக்கு நல்லது நடந்தது, அத்தோடு விட்டிருக்கலாம். அம்மையார் விடவில்லை. யார் எழுதியது என்று கண்டுபிடித்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். எங்கள் பிரிவிலிருந்து அவர்கள் பிரிவுக்குக் கட்டுகளைச் சுமந்து போகிற ஊழியர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எய்தவனை விட்டு அம்பை நோகிற கதையாகப் பழி அவர் தலையில் விழுந்தது. வருகிற திங்கட்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் பணி இடைநீக்கம் என்று கடிதம் போயிருக்கிறது. நேற்று என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"சார், அந்தக் கட்ட நான் தொட்ட ஞாபகமே இல்ல. ஆனா எல்லாரும் நான்தான்னு சொல்றாங்க. அப்ப நானாத்தான் இருக்கணும், இல்லீங்களா?"

"அந்தச் சீட்ட நீங்க எழுதினீங்களா?"

"எனக்கு என் பேர் மட்டும்தான் சார் எழுதத் தெரியும்."

அந்தச் சீட்டில் இல்லாத ஒன்று பெயர்தான். இதை அம்மையாரிடம் எடுத்துச் சொன்னேன். யாரையாவது விட்டு எழுதச் சொல்லியிருப்பார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கட்டுக்காரர் போகும்போது என் மேசையிலிருந்த கட்டை வழக்கம்போல எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் கேள்விக்கு என் பதில்: பழக்க தோஷம். சொர்க்கத்துக்கே போனாலும் தபால்காரன் முத்திரைதான் குத்துவான். உங்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித்தர வேண்டும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என் மகள் அதை நம்பாவிட்டாலும் நீங்களாவது நம்ப வேண்டும். இனி எந்த அலுவலகத்தில் பயிற்சி நடத்தினாலும் பெட்டியைச் சிற்றுண்டிச் சாலையில் வையுங்கள். அங்கே காகிதத்தைக் கை துடைக்கத்தான் பயன்படுத்துவார்கள், எண் போட மாட்டார்கள்.

சம்பந்தி இருவருக்கும் என் வணக்கங்கள். என் மகளுக்கு ஆசிகள். நீங்கள் எடுக்கிற காரியமெல்லாம் தங்குதடையின்றி நடக்கட்டும், நான் குறுக்கே வராத காரியங்களாவது.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
கண்காணிப்பாளர், தபால் பிரிவு.

நகல்: என் மகளுக்கு, தகவலுக்காகவும் போனை எடுக்கும் நடவடிக்கைக்காகவும்.

பின்குறிப்பு: 4160 நான் எழுதியது.

நேற்று இரவு கடிதத்தை ஒட்டப் போனேன், கை வரவில்லை. இரண்டாம் நாள் ஒரு காகிதத்தின் பின்னாலேயே போகச் சொன்னீர்கள் அல்லவா? பெருமையடித்துக்கொள்ளலாம் என்று என் பதிவேட்டைத் திறந்தேன். நாற்பத்தொரு விண்ணப்பம் என்று எழுதிய வரியில் தேர்வுப் பிரிவின் கையெழுத்து இல்லை. அன்று கட்டுக்காரர் விடுப்பு, நானே கொண்டுபோனேன். பிரிவு பூட்டியிருந்தது. நடைவழி அலமாரி மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவன் மறந்தே போனேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், பின்னால் கட்டு தெரிந்தது, கை எட்டவில்லை. அலமாரியை நகர்த்த நாலு பேர் வேண்டும். நாலு பேருக்குத் தெரிந்தால் நாடே அறியும். முப்பத்தொரு வருடம் என்று எல்லோர் முன்னாலும் மார் தட்டினேனே, அன்று சாயங்காலமே யாருக்கும் தெரியாமல் சீட்டை எழுதிப் போட்டேன். ஆனால் இரண்டு வாரம் கழித்து நீங்கள் வந்து, திறந்து, எல்லோரும் கைதட்டி, பலகையில் எழுதி முடிப்பதற்குள் குழுவின் கடைசிக் கூட்டம் முடிந்துபோயிருக்கும். எங்கள் அலுவலகத்தில் தவறைக் கேட்டு யாரும் அசைய மாட்டார்கள் மாப்பிள்ளை, எண்ணைப் பார்த்தால்தான் அசைவார்கள். ஒரு சீட்டுக்கு மட்டும் எண் போட்டால் எழுதியவன் யாரென்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அதனால்தான் ஐம்பத்தேழுக்கும் போட்டேன். பழக்க தோஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம்.

கட்டுக்காரர் மூன்று முறை எண்ணிய பிறகு அந்தப் பயமும் விட்டுப்போனது. இன்று காலை பெயர், பிரிவு இரண்டையும் போட்டுப் பதிவாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்: கட்டைத் தொலைத்தது நான், பெட்டியைத் திறந்ததும் நான், கட்டுக்காரருக்கும் பயிற்சியாளருக்கும் இதில் சம்பந்தம் இல்லை, பயிற்சியாளர் என் மாப்பிள்ளை, அவர் சொன்னதைக் கேட்டு ஒருவன் கற்றுக்கொண்டான் என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி. எண் 4311. நானே முத்திரை குத்தினேன். கோணலாக விழுந்தது. பதிவாளர் இந்த முறை உட்கார்ந்து படித்துப் பார்த்தார். கட்டுக்காரர் மேல் இருந்த நடவடிக்கையை உடனே ரத்து செய்தார். விளக்கம் தர எனக்கு மூன்று நாள் கொடுத்திருக்கிறார். இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு உங்களை அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.

முட்டை விஷயத்தை மாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் வாருங்கள், இந்த முறை ஒரே பேருந்தில் போகலாம்.